பேசியவரை நீக்கும் முன்



இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் மென்பொருள் நிறுவனங்களில் வேலைக்குச் சேரப் போகிறீர்கள். அந்த உலகத்தில் நடந்த ஒன்றையே உங்கள் முன் வைக்கிறேன்.

2017-இல் கூகுள் பொறியாளர் ஜேம்ஸ் டாமோர் பத்துப் பக்கக் குறிப்பு ஒன்றை எழுதிச் சக ஊழியர்களுக்கு அனுப்பினார். இத்துறையில் பெண்கள் குறைவாக இருப்பதற்குப் பாகுபாடு மட்டுமே காரணமல்ல, உயிரியல் வேறுபாடும் ஓரளவு காரணமாகலாம் என்பது அவர் வாதம். குறிப்பு வெளியே கசிந்தது. ஆகஸ்ட் 7 அன்று அவர் வேலை போயிற்று. நிறுவனத் தலைவர், மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. குறிப்பின் சில பகுதிகள் நடத்தை விதிகளை மீறியவை என்று ஊழியர்களுக்கு எழுதிய அவர், பெரும்பகுதி விவாதிக்கத்தக்கது என்றும் அதே கடிதத்தில் ஒப்புக்கொண்டார்.

டாமோரின் வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. சராசரியை வைத்துத் தனி மனிதரை எடைபோடக் கூடாது என்று அவரே எழுதியிருந்தார், உண்மைதான். ஆனால் அந்தக் குறிப்பைப் படித்த கூகுள் பெண் பொறியாளர் என்ன நினைத்திருப்பார்? அப்போது அங்கே பதவி உயர்வுக்குச் சக ஊழியர்களின் மதிப்பீடும் கணக்கில் வந்தது. 'இவர் என் வேலையைப் பார்க்கும்போது எதை மனதில் வைத்திருப்பார்?' என்ற அவர் கவலை நியாயமானது. கடன் வாங்கி மகளைப் பொறியியல் படிக்கவைத்த பெற்றோருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இருந்தும், டாமோரை நீக்கியது தவறு என்றே கருதுகிறேன். சட்டம் நிறுவனத்தின் பக்கம்தான் நின்றது. அமெரிக்கத் தேசியத் தொழிலுறவு வாரியத்தின் வழக்கறிஞர் 2018-இல் நீக்கம் செல்லும் என்றே கருத்துரைத்தார். ஆனால் சட்டம் அனுமதிப்பதெல்லாம் நியாயமாகிவிடாது. எழுதியவருக்கு எழுத்திலேயே பதில் தந்திருக்கலாம். அவர் எந்தப் பெண்ணுக்காவது அநீதி செய்தாரா என்று விசாரித்து, செய்திருந்தால் தண்டித்திருக்கலாம். நம்மூர் ஆலைகளில் ஒரு தொழிலாளியை நீக்கும் முன் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, விளக்கம் கேட்டு, உள்விசாரணை வைப்பார்கள். தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்ற நிதானம் அது. கணினி முன் உட்காருபவருக்கும் அது வேண்டும். ஒருவரை வெளியே அனுப்பினால் அவரைப்போல் நினைப்பவர்கள் மனம் மாறுவதில்லை, வாயை மூடிக்கொள்கிறார்கள். பிறகு யாருக்குப் பதில் சொல்வது?

நாளை நீங்கள் மேலாளர்களாவீர்கள். பெண் என்றோ சாதி பார்த்தோ ஒருவர் இன்னொருவரின் வாய்ப்பைத் தடுத்தால் அன்றே தலையிடுங்கள். உங்களுக்குப் பிடிக்காத கருத்தை ஒருவர் சொன்னால், முதலில் அவரை உட்காரவைத்து முழுதும் கேளுங்கள்.