எளிய நாற்காலியும் நெடிய வாழ்வும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவார்கள், இசை பேசுவார்கள். நாற்காலியையும் மேசையையும் பற்றிப் பேச ஒருவர் எழுந்து வந்தால் அவையோர் வியப்படைதல் இயல்பே. ஆயினும் நம் குடியிருப்புகளில் வீட்டுக்கு வீடு இன்று நிகழும் ஒரு செயலே எம்மை இப்பொருள் பற்றிப் பேசத் தூண்டியது. புணே நகரெங்கும் பழைய அடுக்குக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டுப் புதியன எழுகின்றன. வீடு மாறும் குடும்பங்கள் முதலில் கழித்துவிடுவது எதனை? பாட்டனார் வாங்கிய தேக்கு நாற்காலியை. பிரம்பு பின்னிய சாய்வு நாற்காலியை. இழுப்பறை வைத்த சிறு எழுத்து மேசையை. அவற்றுள் பல, புதனும் ஞாயிறும் கூடுவதால் பெயர்பெற்ற ஜூனா பஜாருக்குப் போய்ச் சேருகின்றன. அவை இருந்த இடத்தில் வந்து அமர்வது யாது? மரத்தூளைப் பசையிட்டு அழுத்தி, மேலே மரத்தைப் போன்ற படம் ஒட்டிய பலகை! இம்மாற்றம் வளர்ச்சியா, இழப்பா என்பதைச் சற்றே ஆராய்வோம்.

நம் முன்னோர் வீடுகளில் மரச்சாமான்கள் மிகக் குறைவு. பாய் ஒன்று, உண்ண உட்கார மணை, ஒரு முக்காலி, ஒரு மரப்பெட்டி, வசதியுள்ள வீடாயின் கூடத்தில் ஊஞ்சல். நாம் குடியேறி வாழும் இம்மராத்திய நாட்டிலும் அவ்வாறே. நம் மணையை இவர்கள் ‘பாட்’ என்பர், ஊஞ்சலை ‘ஜோபாளா’ என்பர். பெயர்தான் வேறு. 1958-ஆம் ஆண்டில் இந்திய அரசின் அழைப்பின்பேரில் இங்கு வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர், தாங்கள் அளித்த அறிக்கையில் வியந்து போற்றியது எதனை என்று எண்ணுகிறீர்கள்? அரண்மனை அரியணையை அன்று. நீர் மொள்ளும் லோட்டாவை, அதாவது நம் வீட்டுச் செம்பை! அவ்வறிக்கையின் வழியே 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் தோன்றிற்று.

நாற்காலியிலும் எளிமை புதிதன்று. புணே முகாமிலும் டெக்கானிலும் இரானியர் தேநீர்க் கடைகளில் வளைமர நாற்காலிகளில் அமர்ந்து ரொட்டியும் வெண்ணெயும் உண்ட பெரியவர்கள் இவ்வவையில் பலர் இருப்பீர்கள். அவ்வகை நாற்காலிக்கு மூதாதை, வியன்னாவில் தொழில் நடத்திய மிக்கேல் தோனெட் 1859-ல் வெளியிட்ட பதினான்காம் எண் நாற்காலி. பீச் மரக் கழிகளை நீராவியில் பதப்படுத்தி வளைத்துச் செய்தது. மரத்துண்டுகள் 6, திருகாணிகள் 10, மரைகள் 2, அவ்வளவே. பிரித்து அடுக்கினால் ஒரு கனமீட்டர்ப் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். 1930-க்குள் ஐந்து கோடி விற்றதாகக் கணக்கு. கப்பலேறி உலகெங்கும் சென்ற அதன் உருவம் ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளாகியும் பழமைப்படவில்லை. காரணம் என்ன? பூவேலை செய்த காலில் ஒரு பொருத்து தளர்ந்திருந்தால் பூ அதனை மறைத்துவிடும். வெறுங்கால் எதனையும் மறைக்க இயலாது. ஆகவே அதனைச் செய்கிறவன் பொருத்தைச் சரியாகச் செய்தே தீரவேண்டும்.

எளிய வடிவமெல்லாம் மேனாட்டிலிருந்து வந்த சரக்கு என்று எண்ணுவோரும் உளர். அவர்கள் தமிழ் வழங்கும் புதுச்சேரிக்குச் சென்று ‘கோல்கொண்டா’ என்னும் விடுதியைக் காணல் வேண்டும். அரவிந்தர் ஆசிரமத்து அன்பர்கள் தங்குவதற்காக எழுந்த கட்டடம் அது. ஐதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் நிஜாம் அரசின் பொருளுதவி கிடைத்தமையின் அப்பெயர் பெற்றது. வரைந்தவர், தோக்கியோவில் தொழில் நடத்திய செக் நாட்டவரான அந்தோனின் ரேமண்ட். 1937-ல் வேலையை முன்னின்று நடத்த வந்தவர் அவர் அலுவலகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் நகஷிமா. அமெரிக்காவில் பிறந்த சப்பானியர், அப்போது முப்பது வயதைச் சற்றே கடந்தவர். வந்த இடத்தில் ஆசிரம வாழ்வில் உளம் தோய்ந்தார், சம்பளம் வேண்டாமென்றார், சுந்தரானந்தர் என்னும் பெயரும் பெற்றார்.

அவர் முதன்முதலாக மரச்சாமான் வடிவமைத்தது அக்கட்டடத்திற்கே. பிற்காலத்தில் அமெரிக்கா போற்றிய ஒரு பெருங்கலைஞரின் முதற் கட்டிலும் நாற்காலியும் வங்கக் கடற்கரையில், நம் நாட்டுத் தேக்கு வேலையோடு சேர்ந்து உருவாயின என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. ஓர் அறைக்கு ஒரு கட்டில், ஒரு மேசை, நாற்காலி, அலமாரி. இவற்றுக்கு மேல் இல்லை. அலங்காரம் ஒன்றும் இல்லை. ஆனால் வெறுமையும் தோன்றுவதில்லை. சுவருக்குப் பதிலாகத் திறந்து மூடும் கிடைத்தகடுகளின் வழியே காற்று வருகிறது, ஒளி வருகிறது. அவ்வொளியில் தேக்கின் வரிகளே அணியாகி விடுகின்றன. கதவுக்குரிய பித்தளை உறுப்புகள், அன்பர்கள் தந்த பழைய பாத்திரங்களை உருக்கி வார்த்தவை என்பர்.

நகஷிமா 1939-ல் புதுச்சேரியை விட்டுச் சென்றார். போர்க்காலத்தில், 1942-ல், சப்பானிய வழியினர் என்பதற்காகவே அமெரிக்க அரசு அடைத்துவைத்த பல்லாயிரவருள் அவரும் குடும்பத்தோடு ஒருவரானார். இடாஹோ மாநிலத்து முகாமில் சப்பானியத் தச்சர் ஒருவரிடம் உளியும் வாளும் பிடிக்கக் கற்றார். 1943-ல் வெளிவந்து பென்சில்வேனியாவில் பட்டறை அமைத்தார். அங்கே பிறந்த மேசைகள் இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன. புதுச்சேரி விடுதியோ அருங்காட்சியகம் ஆகவில்லை. அதற்குரிய அன்பர்கள் இன்றும் அதில் தங்குகிறார்கள். துடைக்கிறார்கள், மெருகிடுகிறார்கள், பழுது பார்க்கிறார்கள்.

இதனோடு ஒப்பிட்டுக் காணத்தக்கது சண்டிகர் நகரின் கதை. 1947-ல் இலாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டமையால் பஞ்சாபுக்குப் புதிய தலைநகர் வேண்டியதாயிற்று. 1951-ல் லெ கொர்பூசியேயும் அவர் உறவினர் பியேர் ழான்னரேயும் வந்து அதனை அமைக்கத் தொடங்கினர். பெரியவர் வருவதும் போவதுமாக இருந்தார். ழான்னரே 1965 வரை அங்கேயே தங்கினார். புதிய அலுவலகங்களுக்கும் பல்கலைக்கழகத்திற்கும் ஆயிரக்கணக்கில் நாற்காலிகள் வேண்டும், பணமோ அருமை. உள்ளூர்த் தச்சர்கள் கைக்கருவிகளால் செய்யத்தக்க வடிவம் வேண்டும். யூலி சௌத்ரி முதலிய இந்தியக் கலைஞர்களும் துணைநிற்க, தேக்கிலும் ஷீஷம் மரத்திலும், விரித்து வைத்த கவராயம் போன்ற கால்களோடு, இருக்கையும் சாய்மானமும் பிரம்பால் பின்னி, அந்நாற்காலிகள் உருவாயின. நீதிபதி அமர்ந்தார்; எழுத்தரும் அமர்ந்தார்.

பின்னர் நிகழ்ந்ததைக் கூறவே வருத்தமாக உள்ளது. பிரம்பு அறுந்தது, பின்னுவதற்கு ஆள் தேடவில்லை. இரும்பும் பிளாஸ்டிக்கும் வந்தன. பழையவை மொட்டை மாடியிலும் கொல்லைப்புறத்திலும் குவிந்து, மழையில் நனைந்து, கழிவுப் பொருளாய் ஏலம் போயின. ஐரோப்பிய வணிகர் சிலர் வந்து அள்ளிச் சென்று, புதுப்பித்து, பாரிசிலும் நியூயார்க்கிலும் இலட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்றனர். எந்த அலுவலகத்து நாற்காலி என்று அடையாளம் காட்ட நம் குமாஸ்தாக்கள் வண்ணத்தால் எழுதிய எழுத்துகள்கூட அங்கே மதிப்பைக் கூட்டின! 2011-ல் மத்திய உள்துறை அமைச்சகம் தலையிட்டுத் தடை விதித்தது. அதற்குள் போனவை போனவையே.

ஏலத்தில் விலை ஏறியதால்தான் அவை சிறந்தவை ஆயின என்று கருதுவது பிழை. எழுத்தர் அமர்ந்து கோப்புப் பார்த்த நாளிலும் அவை சிறந்தவையே. புதுச்சேரிச் சாமானும் சண்டிகர்ச் சாமானும் மரத்தால், எளிமையால், உழைப்பால் ஒரு குலத்தவை. ஒன்று இருந்த இடத்தில் நிலைத்தது, மற்றொன்று சிதறிற்று. வேறுபாடு மரத்தில் இல்லை, அமர்ந்தவர்களிடம் இருந்தது. இன்று ‘டிசைனர்’ என்னும் பெயரிட்டு அதே கவராயக்கால் நாற்காலியின் படிகளைக் கடைகள் பெருவிலைக்கு விற்கின்றன. தாத்தாவின் நாற்காலியைப் பழஞ்சாமான்காரருக்கு எடை போட்டுவிட்டு, அதன் படியைத் தவணையில் வாங்கும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. பெயர் சொல்ல மாட்டோம்!

புதியது யாவும் இழிந்தது என்பது எம் கருத்தன்று. கோத்ரெஜ் நிறுவனத்தார் 1923 முதல் செய்துவந்த எஃகு அலமாரி, நம் வீடுகளில் ‘பீரோ’ என்று பெயர் பெற்று மூன்று தலைமுறைக்கு நகையும் பட்டுப்புடவையும் காத்தது. அதுவும் எளிய வடிவமே. ஒரே வார்ப்பில் பிறக்கும் பிளாஸ்டிக் நாற்காலியையும் இகழ்தல் தகாது. பிரெஞ்சு நாட்டவரான ஆன்றி மசோனே 1972-ல் வடிவமைத்த அவ்வினத்தின் வழித்தோன்றல்கள் இல்லையேல், நம்மைப் போன்ற சங்கங்கள் விழா நடத்துவது எங்ஙனம்? இதோ, தாங்கள் அமர்ந்திருப்பவையும் அவைதாமே! ஆனால் அதன் கால் ஒடிந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. மரத்தூள் பலகையில் திருகாணி ஒருமுறை பிடி விட்டால் மறுமுறை இறுகப் பற்றாது. நீர் பட்டால் ஊதும். தேக்கு நாற்காலிக்கோ கால் மாற்றலாம், பிரம்பு மாற்றலாம், பேரனுக்கு ஏற்ப உயரமும் குறைக்கலாம்.

மாற்றுவதற்குக் கைகள் வேண்டும் அன்றோ? நாற்காலி பின்னும் தொழில், பார்வையற்றோர் பள்ளிகளில் பல தலைமுறையாகக் கற்பிக்கப்பட்ட தொழில். இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் அதற்கென்றே அவர்களுக்குப் பணியிடங்கள் இருந்தன. பிரம்பு நாற்காலி குறையக் குறைய, விரலால் கண்ட அக்கலைக்கும் வேலை குறைந்தது. பின்னல் அறுந்த நாற்காலியைக் கொடுத்துப் பின்னுவிப்பது ஒரு மரச்சாமானைக் காப்பது மட்டுமன்று. ஒருவர் கூலியையும் காப்பதாகும்.

ஆகவே கிர்க்கியிலும் ராஸ்தா பேட்டையிலும் மற்றக் குடியிருப்புகளிலும் இவ்வாண்டு வீடு மாறவிருக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பழஞ்சாமான்காரரை அழைக்குமுன் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். பொருத்துகள் ஆடாமல் இருந்தால், அல்லது ஒரு தச்சர் இறுக்கிவிடும் அளவே ஆடினால், அதனை விற்காதீர்கள். பின்னல் அறாமல் தொய்ந்து மட்டும் இருந்தால் வெந்நீரில் நனைத்த துணியால் அடிப்பக்கத்தை நன்கு ஈரமாக்கி, நிழலில் ஒருநாள் காயவிடுங்கள். பிரம்பு தானே இறுகும். அதன்பின் ஒருமுறை அமர்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள். வீட்டில் இடமில்லை என்போர் சங்கத்தின் செயலாளரிடம் சொல்லுங்கள். நம் நூலக அறைக்கு இன்னும் நாற்காலிகள் வேண்டியிருக்கின்றன.