தெளிக்காத மரமே சாட்சி

மருந்து தெளித்தபின் புழு குறைந்தால் மருந்தே காரணமென்று நம்பிவிடுகிறோம். மழையாலும் பறவைகளாலும் புழு குறைவதுண்டு. ஆகையால் ஒரே இனமும் ஒத்த வயதுமுள்ள ஆப்பிள் மரங்களுள் சிலவற்றைத் தெளிக்காமல் விட்டு, இருவகை மரங்களிலும் புழுக்களையும் கடியுண்ட இலைகளையும் எண்ணுதல் வேண்டும்.

அமெரிக்காவின் மாஸச்சூஸெட்ஸில் ஜிப்ஸி அந்துப்பூச்சியின் புழுக்கள் ஆப்பிள் முதலிய மரங்களை மொட்டையாக்கின. அப்போது வழங்கிய பாரிஸ் பச்சை என்னும் பாஷாண மருந்து இலையையும் கருக்கியது. 1892-ம் வருஷத்தில் ஈய ஆர்ஸனேட் பரீட்சிக்கப்பட்டது. அது இலையை அவ்வளவாகக் கருக்கவில்லை. மழையிலும் எளிதில் கழுவப்படாமல் ஒட்டி நின்றது. ஆப்பிள் தோட்டங்களெங்கும் பரவிற்று. ஆனால் விஷம் பழத்தோலிலும் தங்கிற்று; ஈயமும் பாஷாணமும் அழியாமல் மண்ணிலே சேர்ந்தன. 1988-ல் அந்நாட்டில் அதன் உபயோகம் தடை செய்யப்பட்டது. பழைய தோட்டங்கள் பலவற்றின் மண்ணில் அவ்விஷம் இன்றும் இருக்கின்றது.

ஆதலின் சங்கப் பணத்தில் மருந்து வாங்குமுன் மூன்று கேள்விகள் கேட்பீர்களாக. புழு மடிந்ததா? இலை பிழைத்ததா? பழத்திலும் மண்ணிலும் எஞ்சுவது என்ன? முன்னிரண்டிற்கும் தெளிக்காத மரம் ஒரு பருவத்திற்குள் விடை பகரும். மூன்றாவதற்கு மண் விடை சொல்லும்போது நம் பேரப்பிள்ளைகளே கேட்டிருப்பர். அதனால் அதை முதலிலேயே விசாரித்தறிதல் நம் கடமை.