பைக்குல்லாவில் ஒரு நினைவுச்சின்னம்

சித்திரை முதல் நாள் காலையில் நம் வீடுகளில் மாங்காய்ப் பச்சடி தயாராகிக்கொண்டிருக்கும் நேரத்தில், ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் வீரர்கள் வரிசையாக நின்று மலர்வளையம் வைப்பார்கள். ஏப்ரல் 14 அவர்களுக்கு நீத்தார் நினைவு நாள். தீத்தொண்டு வாரமும் அன்றுதான் தொடங்குகிறது. அந்தத் தேதி பம்பாயிலிருந்து வந்தது. 1944-இல் அதே நாளில், விக்டோரியா துறைமுகத்தில் தீப்பிடித்த கப்பலை அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் திரும்பி வரவில்லை. மும்பை பைக்குல்லாவில், தீயணைப்புப் படைத் தலைமையகத்தில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. பணியில் உயிர் விட்டவர்களுக்காக ஒரு நகரம் எழுப்பும் சின்னம் அவர்களுடைய வீரத்தைச் சொன்னால் மட்டும் போதாது, அவர்களைச் சாகவிட்ட காரணங்களையும் சொல்ல வேண்டும் என்பதே என் வாதம்.

காரணம் என்ன என்று பார்ப்போம். ‘ஃபோர்ட் ஸ்டிக்கின்’ என்ற அந்தக் கப்பல் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டிலிருந்து சுமார் 1,400 டன் வெடிபொருளுடன் வந்தது. வழியில் கராச்சியில் ஆயிரக்கணக்கான பருத்திப் பொதிகளை ஏற்றிக்கொண்டது. பருத்திப் பொதியில் தீப்பொறி விழுந்தால் வெளியே சுடர் தெரியாது, உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். அந்தப் பொதிகளை வெடிபொருளோடு ஒரே கப்பலில் அடுக்கினார்கள். கப்பல் 12-ஆம் தேதி பம்பாய் வந்தும், இரண்டு நாள் கழித்தும் வெடிபொருள் அதன் வயிற்றிலேயே கிடந்தது. ஆபத்தான சரக்கு இருக்கிறது என்று எச்சரிக்கும் சிவப்புக்கொடியும் ஏற்றப்படவில்லை. 14-ஆம் தேதி பிற்பகலில் இரண்டாம் எண் சரக்கறையிலிருந்து புகை வந்தது. தீயணைப்புப் படை 900 டன்னுக்கும் மேல் தண்ணீரைப் பீய்ச்சியது. புகையின் அடர்த்தியில் தீ எங்கே இருக்கிறது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள், நேயர்களே: ஊற்றிய தண்ணீர் கப்பலுக்குள் கொதிக்கிறது, தளத்தின் மேல் நிற்பவர்களின் கையில் குழாய் இருக்கிறது, எதை அணைக்கிறோம் என்பது மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. 3.50-க்குக் கப்பலை விட்டு வெளியேற உத்தரவு வந்தது. 4.06-க்குக் கப்பல் வெடித்தது. பின்னாலேயே இன்னொரு வெடிப்பு. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கும் சிம்லாவின் நிலநடுக்கக் கருவியில் அந்த அதிர்வு பதிவானது. துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்புகள் எரிந்தன, இறந்தவர்கள் நூற்றுக்கணக்கில்.

இந்த வரிசையைப் பாருங்கள். பருத்தியை ஏற்றியவர்கள், இறக்கத் தாமதித்தவர்கள், கொடியேற்றாமல் விட்டவர்கள் என்று பல கைகள் செய்த பிழையைக் கடைசியில் குழாய் பிடித்தவர்கள் சுமந்தார்கள். ‘தியாகம்’ என்று மட்டும் கல்லில் பொறித்தால், அவர்களே விரும்பி ஏற்ற முடிவு போல அது ஆகிவிடும். தீயை எதிர்கொள்ள அவர்கள் விரும்பிப் போனார்கள், உண்மை. வெடிகிடங்கின் மேல் நிற்க யாரும் அவர்களிடம் சம்மதம் கேட்கவில்லை.

துக்கம் கேட்கும் இடத்தில் குற்றப்பத்திரிகை வாசிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், பெயர் தேடி வரும் குடும்பத்துக்கு அங்கே அமைதி வேண்டும். நான் கேட்பது யாரையும் தூற்றும் வாசகம் அல்ல. சரக்கு என்ன, கொடி ஏன் இல்லை, எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று நாலு வரி போதும். அது போர்க்காலம், ரகசியம் காக்க வேண்டியிருந்தது என்றும் சொல்வார்கள். அந்த ரகசியத்தால் என்ன லாபம்? விபத்து நடந்த மறுநாளே ஜப்பானியர் வசமிருந்த சைகோன் வானொலி விவரமாகச் செய்தி சொல்லிவிட்டது. நம் நாட்டுச் செய்தியாளர்களுக்கோ மே மாதம் இரண்டாம் வாரம் வரை தணிக்கை வாய்ப்பூட்டுப் போட்டிருந்தது. எதிரிக்குத் தெரிந்த சேதி, பிள்ளையைப் பறிகொடுத்த ஊருக்குத் தெரியக்கூடாதா?

அதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு 2015-ஐ நினைவூட்டுகிறேன். அந்த ஆண்டு மே 9 அன்று மும்பை கால்பாதேவியில் கோகுல் நிவாஸ் என்ற பழைய கட்டடம் தீப்பிடித்து இடிந்தது. தீயணைப்புப் படையின் தலைமை அதிகாரி உட்பட நான்கு அதிகாரிகள் பலியானார்கள். இருவர் இடிபாட்டிலேயே, இருவர் தீக்காயத்தால் மருத்துவமனையில். எழுபது ஆண்டு இடைவெளியில், அதே நகரத்தில், உள்ளே நுழைந்தவர்களின் உயிரை எடுத்தது மறுபடியும் தீ மட்டுமல்ல. அந்த இடத்தின் நிலையும்தான்.

நேரம் நெருங்கிவிட்டது. பைக்குல்லாவில் அந்த நாலு வரி ஒருநாள் இடம்பெறும் என்று நம்புகிறேன். அதுவரை நம்மால் ஆனது ஒன்று உண்டு. உங்கள் தெருவில் பட்டாசுக் கிடங்கோ, ரசாயனக் கிடங்கோ, எரிவாயு உருளைகள் அடுக்கிய கடையோ இருந்தால், உள்ளே என்ன சரக்கு, எவ்வளவு என்று வாசலில் எழுதி மாட்டச் சொல்லுங்கள். அதில் ஒரு பிரதியை அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்திலும் கொடுக்கச் சொல்லுங்கள்.