வளவும் வாழ்வும்
(ஆண்டு விழாவிலே நிகழ்த்திய பேச்சு)



2022ஆம் ஆண்டை நாம் மறந்திருக்க மாட்டோம். எரிவாயு இல்லை; மண்ணெண்ணெய்க்கு வரிசை; மின்சாரமோ பல மணி நேரம் நின்றுவிடும். வீட்டுத் தோட்டஞ் செய்வதற்கென்று அரசாங்கமே தன் உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்த காலம் அது. அந்நாளில் எந்த வீட்டிலே கறி கொதித்தது? கிணற்றடியில் வாழையும், வேலியிலே பசளியும், கோடியிலே முருங்கையும் நின்ற வீட்டிலே கொதித்தது. வளவெல்லாம் சீமெந்து போட்ட நாமோ வரிசையில் நின்றோம்.

இத்தகைய வாழ்வை மனமுவந்து மேற்கொண்ட தமிழர் வரலாறு ஒன்றுண்டு. தென்னாபிரிக்காவிலே காந்தியடிகள் சத்தியாக்கிரகம் நடத்தியபோது, சிறைசென்றோரின் குடும்பங்களைக் காப்பது பெரும் பாரமாயிற்று. மாதந்தோறும் பணங் கொடுக்க நிதி போதாது. 1910இல் கலன்பாக் என்னும் நண்பர், யோகானசுபேர்க் நகருக்கு 21 மைல் தூரத்திலிருந்த தமது 1,100 ஏக்கர் காணியை வாடகையின்றி உதவினார். அதுவே தோல்ஸ்தோய் பண்ணை. அங்கு குடியேறியோருள் தமிழர் பலர்.

ஆயிரத்தை அண்மிய பழமரங்கள் அங்கே நின்றன, வேலைக்காரர் ஒருவருமில்லை. சமையல் முதல் மலக்குழி வெட்டுதல் ஈறாக யாவும் அவர்களே செய்தனர். கை ஆலையிலே கோதுமை அரைத்து ரொட்டி சுட்டனர். தோடம்பழத்திலே பாகு செய்தனர். கழிநீர் மரத்துக்கு, சமையற் கழிவு எருவுக்கு. பிள்ளைகள் காலையிலே மண்வெட்டி பிடித்தனர். பிற்பகலிலே பாடம் படித்தனர். தமிழ் எழுத்தறியாத தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காந்தியடிகளே, தாம் கற்ற சிறிதளவைக் கொண்டு, தமிழ் கற்பித்தார்! குடும்பம் பட்டினி கிடவாமையாலன்றோ சிறையிலிருந்தவர் உறுதி குலையாது நின்றனர்?

நமது நிலை என்ன? வீடு வளவைப் பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுப்பது நம் வழக்கம். மூன்று பெண்களாயின் வளவு மூன்று துண்டு. அச்சிறு துண்டிலே வீடு கட்டவென்று தாய் கடல் கடந்து போகிறாள். பிள்ளை அம்மம்மா கையிலே வளர்கிறது. இதனைப் பழிப்பாகக் கூறவில்லை; வறுமை துரத்துகிறது. தோட்டம் எல்லாச் செலவையுந் தீர்க்கும் என்றும் கூறோம். ஆயினும் கறிச்செலவு குறைந்தால் கடன் குறையும். கடன் குறைந்தால் தாய் ஓராண்டு முந்தித் திரும்பலாம் அல்லவா?

நம் கடற்கரை மணல் ஈரந் தாங்காது என்பர். குழி தோண்டிப் பொச்சு நிரப்பி, மேலே சாணமும் கிளிசரிடியாத் தழையும் இட்டுக் கன்று நடுங்கள், ஈரம் நிற்கும். கிணற்றையும் பேணுங்கள். மணலின் கீழே நன்னீர், உவர்நீரின் மேலே மிதந்து நிற்கிறது. மோட்டர் பூட்டி ஒரேயடியாக இறைத்தால் உவர் மேலேறும். 2004 திசெம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கிய பின், உப்பேறிய கிணறுகளை மிஞ்சி இறைப்பது கேடு என்று நிபுணர் கூறியதும் இதனாலேயே. துலாவால் அளவாக அள்ளிய நம் மூத்தோருக்கு இத்தொல்லை இருந்ததில்லை.

மின்சாரத்தை வெறுக்கச் சொல்லவில்லை. அது நின்ற நாளிலும் நிமிர்ந்து நிற்கும் வீடு வேண்டும் என்கிறோம். இளைஞர்களே, மாரி தொடங்குமுன் ஆளுக்கொரு முருங்கைத் தடியும் இரண்டு வாழைக்குட்டியும் நடுவோம். முதியவர் வழி சொல்லட்டும். சிறுவர் நீர் வார்க்கட்டும். அடுத்த ஆண்டு விழாவுக்கு நம் வளவு வாழைக்குலையோடு வருவோம்.