சாவுப்படுக்கையில் ஒரு பாட்டு

(அசிசி நகர் புனித பிரான்சிஸ் திருநாளையொட்டி வானொலியில் ஆற்றிய மறையுரை)



நான் குருவாகி இரண்டாம் ஆண்டு அது. உதவிப் பங்குத்தந்தையாக இருந்த ஊரில் வயதான தாய் ஒருவர் நோயுற்றிருந்தார். நற்கருணை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே மகன் என்னை நிறுத்தினார். "சாமி, அம்மாவுக்குப் புற்றுநோய். டாக்டர் கைய விரிச்சுட்டாரு. ஆனா அம்மாகிட்ட வயித்துப்புண்ணுன்னுதான் சொல்லி வச்சிருக்கோம். நீங்களும் ஒண்ணும் காட்டிக்காதீங்க" என்றார். நானும் தலையாட்டினேன்.

நற்கருணை வாங்கிய பிறகு அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "சாமி, இந்தக் கல்லறைத் திருநாளுக்கு நான் இருப்பேனா?"

"அதெல்லாம் நினைக்காதீங்க பாட்டி. சீக்கிரம் எந்திரிச்சு கோயிலுக்கு வருவீங்க" என்றேன்.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, "சரி சாமி" என்றார். எனக்கு அவர் ஆறுதல் சொல்வதுபோல் இருந்தது அந்தச் "சரி சாமி".

இரண்டு வாரம் கழித்து, நள்ளிரவில் அழைத்தார்கள். நான் போனபோது அவருக்கு நினைவில்லை. நோயில்பூசுதல் கொடுத்தேன். விடியுமுன் இறந்துவிட்டார். அடக்கத்துக்கு ஒரு மூதாட்டி வந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு கதறினார். இறந்தவரின் தங்கை. வீட்டு மனை ஒன்றுக்காக இருவருக்கும் பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். மருமகள் பிறகு என்னிடம் சொன்னார்: "அத்தை கடைசி வரைக்கும் 'தங்கச்சியைக் கூப்பிடு, தங்கச்சியைக் கூப்பிடு'ன்னாங்க சாமி. கூப்பிட்டா அத்தைக்கு விஷயம் தெரிஞ்சிடுமேன்னு நாங்கதான் கூப்பிடலை."

அன்பர்களே, அந்தப் பிள்ளைகள் கெட்டவர்கள் அல்லர். தாயை உயிராய் நேசித்தவர்கள். ஆனால் தாய் அழக்கூடாது என்று மறைத்த அந்த ஒரு பொய், இரு சகோதரிகள் சேர்ந்து அழுது சமாதானமாகும் வாய்ப்பைப் பறித்துக்கொண்டது. அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் அசிசி நகர் பிரான்சிஸ் திருநாள் வரும்போதெல்லாம், அவர் பறவைகளோடு பேசியதை நினைப்பதைவிட, அவர் எப்படி இறந்தார் என்பதை நான் அதிகம் நினைக்கிறேன்.

1226ஆம் ஆண்டு. பிரான்சிசுக்கு வயது நாற்பத்து நான்கு அல்லது நாற்பத்தைந்து. எகிப்துக்குப் போய் வந்ததிலிருந்து கண்நோய். வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. மருத்துவம் என்ற பெயரில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கன்னத்தில் சூடு போட்டிருந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் லா வெர்னா மலையில் பெற்ற ஐந்து காயங்கள் உடலில் இருந்தன. வயிறும் கெட்டு, கால்களும் வீங்கியிருந்தன. அசிசி ஆயரின் இல்லத்தில் படுக்கையில் கிடந்தார்.

அப்போது அவருக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவர் பார்க்க வந்தார். "என் நோய் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார் பிரான்சிஸ். மருத்துவரும் நம்மைப் போலத்தான். கடவுள் அருளால் எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று மழுப்பினார். பிரான்சிஸ் விடவில்லை. சாவுக்குப் பயப்படும் கோழை நானல்ல, உண்மையைச் சொல்லுங்கள் என்றார். மருத்துவர் சொன்னார்: இந்த நோய் தீராது, செப்டம்பர் இறுதியில் அல்லது அக்டோபர் தொடக்கத்தில் இறந்துவிடுவீர்கள். அதைக் கேட்ட பிரான்சிஸ் படுக்கையிலிருந்தே இரு கைகளையும் விரித்து, சாவைச் சகோதரி என்று அழைத்து வரவேற்றாராம்.

பிறகு லெயோ, ஆஞ்செலோ என்ற இரு சகோதரர்களை வரவழைத்துப் பாடச் சொன்னார். கதிரவனையும் நிலவையும் நெருப்பையும் நீரையும் உடன்பிறப்புகளாகக் கொண்டு கடவுளைப் புகழும் பாடலை, கண் தெரியாமல் நோயில் கிடந்தபோதுதான் அவர் இயற்றியிருந்தார். அந்த வரிசையில் இப்போது சாவையும் ஒரு சகோதரியாகச் சேர்த்தார். பகலிலும் பாட்டு, இரவிலும் பாட்டு. வெளியே காவல் நின்ற வீரர்களுக்கும் கேட்கும்படி பாட்டு.

சபையின் பொறுப்பாளரான சகோதரர் எலியாவுக்குச் சங்கடமாகிவிட்டது. அவர் வந்து, 'இந்த ஊர் மக்கள் உங்களைப் புனிதராக மதிக்கிறார்கள். சாகப்போகிறவர் சாவை நினைக்காமல் இப்படிப் பாடிக்கொண்டிருக்கலாமா என்று நினைக்க மாட்டார்களா?' என்றார். நம் வீடுகளில் கேட்கிற குரல்தான் இது. நான்கு பேர் என்ன சொல்வார்கள்! நோயாளி இருக்கிற வீட்டில் சிரிப்புச் சத்தமா?

பிரான்சிஸ் சொன்ன பதிலின் கருத்து இதுதான்: 'நான் அதிக நாள் இருக்க மாட்டேன் என்று முன்பே தெரியும். அன்றிலிருந்து நாள்தோறும் என் சாவை நினைத்துத்தான் வந்திருக்கிறேன். இப்போது ஆண்டவரில் மகிழ என்னை விடுங்கள்.'

கவனியுங்கள், சாவை மறந்ததால் வந்த மகிழ்ச்சி அல்ல இது. சாவை நேருக்கு நேர் பார்த்தவனின் மகிழ்ச்சி. மறந்துவிட்டுச் சிரிக்கிறவன், நினைவு வந்ததும் சிரிப்பை நிறுத்திவிடுவான். பார்த்துவிட்டுச் சிரிக்கிறவனை எது நிறுத்தும்?

இந்த மகிழ்ச்சியை பிரான்சிஸ் எங்கே கற்றார்? ஆண்டவரிடமே கற்றார். மத்தேயு நற்செய்தி 26ஆம் பிரிவு 30ஆம் வசனத்தை இன்று வீட்டில் எடுத்து வாசியுங்கள். இறுதி இரவுணவுக்குப் பின் இயேசுவும் சீடர்களும் புகழ்ப்பாடல் பாடிவிட்டு ஒலிவ மலைக்குச் செல்கிறார்கள். காட்டிக்கொடுப்பவன் புறப்பட்டுவிட்டான், சிலுவை காத்திருக்கிறது, ஆண்டவர் பாடுகிறார்! அதே இரவில், தம் மகிழ்ச்சி நம்முள் இருக்க வேண்டும், அது நிறைவு பெற வேண்டும் என்று சொன்னதாக யோவான் 15ஆம் பிரிவில் காண்கிறோம்.

அதே ஆண்டவர் சற்று நேரத்தில் கெத்சமனியில் மனம் கலங்கி, வியர்வை இரத்தமாக விழ மன்றாடினார் என்பதையும் மறக்க வேண்டாம். இலாசரின் கல்லறையில் கண்ணீர் விட்டவர் அவர். ஆகவே கிறிஸ்தவ மகிழ்ச்சி என்றால் அழக்கூடாது என்பதல்ல. பயமே வராது என்பதுமல்ல. பாட்டும் கண்ணீரும் ஒரே இரவில் இருக்கலாம். இரண்டையும் தந்தையின் கைகளில் வைக்கலாம்.

பிரான்சிஸின் கடைசி நாள்களில் இன்னும் இரண்டு காரியங்கள் நடந்தன. அசிசி ஆயருக்கும் நகர ஆளுநருக்கும் கடும் பகை. ஒருவர் மற்றவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். மற்றவர், ஆயரோடு யாரும் வாங்கல் விற்றல் வைக்கக்கூடாது என்று பறையறைந்தார். படுத்த படுக்கையாய் இருந்த பிரான்சிஸ், மன்னிப்பவர்களைப் பற்றித் தம் பாடலில் புதிதாகச் சில வரிகளைச் சேர்த்து, இருவர் முன்னிலையிலும் பாடச் செய்தார். இருவரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். எழுந்து உட்கார முடியாத மனிதர் ஊர்ப்பகையைத் தீர்த்துவைத்தார். என் பங்கின் அந்தத் தாயும் ஒரு பகையைத் தீர்க்கத்தானே தவித்தார்?

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. தமக்கு மிகவும் பிரியமான போர்சியுங்குலா சிற்றாலயத்துக்குத் தம்மைத் தூக்கிச் செல்லச் சொன்ன பிரான்சிஸ், அங்கிருந்து உரோமையிலுள்ள ஜாக்கோபா என்ற பெண்மணிக்குக் கடிதம் எழுதச் சொன்னார். உடலைப் போர்த்த சாம்பல்நிறத் துணி, மெழுகுதிரிகள், அத்துடன் வாதுமைப் பருப்பும் தேனும் சேர்த்துச் செய்யும் ஓர் இனிப்பு. முன்பு உரோமையில் அவர் நோயுற்றிருந்தபோது அந்த அம்மா செய்து கொடுத்த இனிப்பு அது. வாழ்நாளெல்லாம் உணவில் சாம்பலைத் தூவிச் சாப்பிட்ட தவசி, சாகும் நேரத்தில் இனிப்புக் கேட்கிறார்! கடிதம் புறப்படுவதற்குள், கேட்ட எல்லாவற்றோடும் ஜாக்கோபாவே வந்து வாசலில் நின்றார். துறவியர் இல்லத்துக்குள் பெண்கள் வரக்கூடாது என்பது ஒழுங்கு. நம் 'சகோதரர்' ஜாக்கோபாவுக்கு அந்த ஒழுங்கு இல்லை என்றார் பிரான்சிஸ். இனிப்பை அவரால் கொஞ்சம்தான் சுவைக்க முடிந்தது. ஆனால் சுவைத்தார். பாஸ்கா உணவைத் தம் சீடரோடு உண்ண ஆண்டவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்று லூக்கா எழுதுகிறாரே, அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 3, மாலை. தம்மை வெறுந்தரையில் கிடத்தச் சொன்னார். ஆண்டவர் சீடரின் பாதங்களைக் கழுவிய யோவான் நற்செய்திப் பகுதியை வாசிக்கக் கேட்டார். உயிர் பிரிந்தது. கூரையின்மேல் வானம்பாடிகள் கூட்டமாய் வந்து பாடின என்று உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அன்பர்களே, இந்த மறையுரையைக் கேட்கிறவர்களில் சிலர் வீட்டில் இன்று ஒரு நோயாளி இருக்கலாம். உங்களிடம் மூன்று விண்ணப்பங்கள்.

முதலாவது, அவர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். அன்பாக, பொறுமையாக, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்தே இருக்கும். நீங்கள் வருந்துவீர்கள் என்று அவர் நடிக்கிறார். அவர் வருந்துவார் என்று நீங்கள் நடிக்கிறீர்கள்.

இரண்டாவது, குருவை நேரத்தோடு அழையுங்கள். 'சாமி வந்தால் சாவு வந்துவிடும்' என்ற எண்ணம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. முன்பு அவஸ்தைப் பூசுதல் என்று சொன்னோம். அது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டுமான அருளடையாளம் அல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963லேயே தெளிவாக்கிவிட்டது. நோயால் அல்லது முதுமையால் ஆபத்து தொடங்கும்போதே அதைப் பெறலாம். நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். நினைவோடு இருக்கையில் பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை வாங்கி, தம் வாயாலேயே 'ஆமென்' சொல்லட்டும்.

மூன்றாவது, அந்த அறையில் பாட்டும் சிரிப்பும் இருக்கட்டும். பேரப்பிள்ளைகளை உள்ளே விடுங்கள். பேசாத தங்கையை அழைத்து வாருங்கள். ஒரு வாய் மீன்குழம்பு கேட்டால், மருத்துவர் தடுக்காத அளவு நாவில் தொட்டு வையுங்கள்.

நலமாய் இருக்கிற நமக்கு ஒரு வார்த்தை. பிரான்சிஸ் கடைசி மாதத்தில் திடீரென்று பாடக் கற்றுக்கொள்ளவில்லை. நாள்தோறும் சாவை நினைத்தார். அதனால் நாள்தோறும் மன்னித்தார், நன்றி சொன்னார், பாடினார். இன்று இரவு படுக்குமுன் நாமும் ஒரு நிமிடம் நினைப்போம்: இன்றே போக நேர்ந்தால், நான் யாரைக் கூப்பிடச் சொல்வேன்? அவரை நாளைக் காலையில் நாமே கூப்பிடுவோம்.

அந்தத் தாய் என்னிடம் கேட்ட கேள்வியை மீண்டும் ஒருவர் கேட்டால், இப்போது என்ன சொல்வேன்? "தெரியலை பாட்டி. ஆனா அதுவரைக்கும் நாங்க உங்ககூட இருக்கோம். அதுக்கப்புறம் அவர் இருக்கார். யாரைப் பார்க்கணும், சொல்லுங்க" என்பேன்.

வாழ்வு தரவும், அதை நிறைவாகத் தரவும் வந்த ஆண்டவர், வாழும் நாளிலும் இறக்கும் நாளிலும் நம் நாவில் ஒரு பாட்டை வைப்பாராக. ஆமென்.