எலெக்ட்ரிக் கார் லீஸ்: கையெழுத்துக்கு முன்னாடி கிலோமீட்டரை எண்ணுங்க

போன வாரம் ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். வீடு கேளம்பாக்கம், வேலை சிறுசேரி சிப்காட்ல. "அண்ணா, ஆபீஸ்ல எலெக்ட்ரிக் கார் லீஸ் தர்றாங்க. வெளியில பேட்டரியை மட்டும் வாடகைக்குத் தர்ற திட்டமும் இருக்கு. எது நல்ல டீல்?" அப்படின்னு கேட்டார். நான் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான்: "மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க?" "பார்த்து சொல்றேண்ணா"ன்னார். இன்னைக்கு எபிசோடே அந்தக் கேள்வியைப் பத்திதான்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். நம்ம ஊர்ல "வீடு லீஸுக்கு"ன்னா மொத்தமா சில லட்சம் கொடுப்போம், மாச வாடகை கிடையாது, காலி பண்ணும்போது பணம் திரும்ப வந்துடும். கார் லீஸ் அப்படி இல்லை. அது மாச வாடகை. கட்டின பணம் திரும்ப வராது. கடைசியில காரைத் திருப்பிக் கொடுக்கணும், இல்லைன்னா மிச்ச விலையைக் கொடுத்து நாமளே வாங்கிக்கணும்.

இப்போ பேட்டரி வாடகைக்கு ஒரு நிஜ கணக்கு. 2024 செப்டம்பர்ல எம்.ஜி. விண்ட்சர் அறிமுகமானப்போ ரெண்டு விலை சொன்னாங்க. பேட்டரியோட சேர்த்து 13.50 லட்சம். பேட்டரி இல்லாம 9.99 லட்சம், அதோட ஓட்டுற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 3.50 ரூபாய். ரெண்டு விலைக்கும் வித்தியாசம் சுமார் 3.5 லட்சம். கிலோமீட்டருக்கு 3.50-ன்னா, 1 லட்சம் கிலோமீட்டர்ல அந்த வித்தியாசத்தைக் கட்டி முடிச்சிருப்பீங்க. வட்டியை நான் இதுல சேர்க்கலை. கணக்கு இதுவரைக்கும் அழகாத்தான் இருக்கு.

ஆனா பொடி எழுத்துல ஒண்ணு இருந்தது. பேட்டரிக்குக் கடன் தந்த சில நிதி நிறுவனங்கள் மாசத்துக்குக் குறைஞ்சது 1,500 கிலோமீட்டருக்கு பில் போட்டாங்க. அதாவது ஓட்டினாலும் ஓட்டாட்டியும் 5,250 ரூபாய்.

நம்ம தம்பிக்கு இதைப் பொருத்திப் பாருங்க. கேளம்பாக்கத்துலேருந்து சிப்காட் போய் வர ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டர்னு வைப்போம். 20 நாளைக்கு 300. வாரம் ஒரு தடவை மாமல்லபுரம் போய் வந்தா இன்னும் 200. மொத்தம் 500. 5,250-ஐ 500-ஆல வகுத்தா கிலோமீட்டருக்கு பத்தரை ரூபாய்! கரண்ட் செலவு தனி. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடுற பெட்ரோல் காருக்கே, லிட்டர் 100 ரூபாய்னு வச்சா, 7 ரூபாய்க்குள்ளதான் வருது.

அதே கார், செங்கல்பட்டுலேருந்து திருப்போரூர் வழியா தினமும் சிறுசேரி வர்ற ஒருத்தருக்கு? போக வர 80 கிலோமீட்டர், 22 நாளைக்கு 1,760. அவருக்கு வாடகை 6,160 ரூபாய். அதே தூரத்துக்கு பெட்ரோல் 11,000-க்கு மேல ஆகும். அவருக்கு இது நல்ல டீல், தம்பிக்கு இல்லை. விலையும் திட்டமும் அப்புறம் மாறியிருக்கலாம். ஆனா கணக்கு போடுற முறை இதேதான்.

செங்கல்பட்டு அண்ணனுக்கும் ஒரு விஷயம். 100 கிலோமீட்டருக்குச் சுமார் 14 யூனிட் ஆகும்னு வச்சா, ரெண்டு மாசத்துக்குக் காருக்கு மட்டுமே கிட்டத்தட்ட 490 யூனிட். வீட்டு மீட்டர்லயே சார்ஜ் போட்டா பில் 500 யூனிட்டைத் தாண்டிடும். தாண்டினதும் ஸ்லாப் மாறி, ஆரம்பத்து யூனிட்டுகளுக்கும் கூடுதல் ரேட் விழும். அபார்ட்மெண்ட்ல இருக்கிறவங்க பார்க்கிங்ல 15 ஆம்பியர் பாயிண்ட் போட அசோசியேஷன் சம்மதிக்குமான்னு முதல்லயே கேட்டுக்கோங்க.

அடுத்து ஆபீஸ் லீஸ். வாடகை வரிக்கு முன்னாடியே சம்பளத்துலேருந்து போயிடும். கார் வசதிக்காக ஒரு சின்னத் தொகைதான் உங்க வருமானத்துல சேரும். 30 சதவீத ஸ்லாப்ல இருக்கிறவங்களுக்கு லாபம் நல்லாவே தெரியும். கீழ் ஸ்லாப்ல இருந்தா அந்த லாபம் சுருங்கிடும். "கடன்ல வாங்கினா வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரைக்கும் வரிக்கழிவு"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அது 2023 மார்ச் 31 வரைக்கும் அனுமதிச்ச கடன்களுக்கு மட்டும்தான்.

ஆபீஸ் லீஸ்ல பெரிய ஆபத்து வேற இடத்துல இருக்கு. லீஸ் மூணு, நாலு வருஷம். நம்ம ஓ.எம்.ஆர். பசங்க ஒரே கம்பெனியில எத்தனை வருஷம் இருக்கோம்? நாமளா விட்டாலும் சரி, அவங்க அனுப்பினாலும் சரி, லீஸ் பாதியில உடையும். அப்போ முன்கூட்டி முடிக்கிற கட்டணம் சில மாச வாடகைக்குச் சமமா இருக்கலாம். வேலையும் போய், கையில இருக்கிற சேமிப்பையும் காருக்குக் கட்டுற நிலைமை வரக் கூடாது. அதனால ஹெச்.ஆர்.கிட்ட, "12-வது மாசம் வெளியே போனா எவ்வளவு, 24-வது மாசம் போனா எவ்வளவு? புது கம்பெனிக்கு மாத்திக்க முடியுமா?"ன்னு மெயில்ல கேளுங்க. பதிலும் மெயில்லயே வரட்டும்.

கடலோரத்துல இருக்கிறவங்களுக்கு இன்னும் ரெண்டு. ஒண்ணு, உப்புக்காத்து. கோவளம், மாமல்லபுரம் பக்கம் காரை வெளியிலயே நிறுத்தினா அடிப்பாகம் துருப்பிடிக்கும். திருப்பிக் கொடுக்கும்போது எதையெல்லாம் சாதாரணத் தேய்மானம்னு ஏத்துப்பாங்க, எதுக்குப் பணம் பிடிப்பாங்கன்னு ஒப்பந்தத்துல பாருங்க. வண்டி எடுக்குற அன்னைக்கே நாலு பக்கமும் வீடியோ எடுத்து வச்சுக்கோங்க.

ரெண்டு, வெள்ளம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல மூழ்கின கார்களை நாம மறக்க முடியாது. கார் முழுசா போயிட்டா இன்சூரன்ஸ்காரங்க பாலிசியில குறிச்சிருக்கிற மதிப்பைத்தான் தருவாங்க. லீஸ் பாக்கி அதைவிட அதிகமா இருந்தா மிச்சத்தை யார் கட்டுறது? பாலிசியில பேட்டரிக்கும் வெள்ளத்துக்கும் கவர் இருக்கா? ரெண்டையும் கேட்காம சாவியை வாங்காதீங்க.

கடைசியா கொட்டேஷன். எலெக்ட்ரிக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். தமிழ்நாட்டுல பல வருஷமா இதுக்கு 100 சதவீத வாகன வரி விலக்கும் கொடுத்துட்டு வர்றாங்க. நீங்க எடுக்கிற அன்னைக்கு அது அமல்ல இருக்கான்னு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல விசாரிங்க. இருந்தும் கொட்டேஷன்ல "ரோடு டாக்ஸ்"னு ஒரு தொகை நின்னா, ஏன்னு கேளுங்க.

தம்பி, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இப்போ ஓட்டுற வண்டியோட ஓடோமீட்டரை இன்னைக்கு ஒரு போட்டோ எடுங்க. அடுத்த மாசம் இதே தேதியில இன்னொண்ணு. வித்தியாசம் ஆயிரத்துக்குக் கீழன்னா, குறைந்தபட்ச கிலோமீட்டர் வைக்கிற எந்தத் திட்டத்துலயும் கையெழுத்துப் போடாதீங்க. ஒரு மாசம் காத்திருந்தா கார் எங்கேயும் ஓடிப் போயிடாது.

உங்க கணக்கையும் வாய்ஸ் நோட்ல அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.