சுவரினுள் ஓடும் மின்கம்பி

(சங்கரன்கோவில் நெசவாளர்களுக்கான பிரசங்கத்தின் வாசகம்)



1944-ஆம் ஆண்டில் பாபநாசத்தில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. தாமிரவருணியின் வேகத்தினின்று பிறந்த மின்சக்தி நாளடைவில் திருநெல்வேலிச் சீமையின் ஊர்களை எட்டிற்று. கைத்தறிக்குப் பேர்போன சங்கரன்கோவிலில் இன்று பல தெருக்களில் விசைத்தறியின் ஓசை கேட்கின்றது. 2023-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசாங்கத்தார் விசைத்தறிக்காரருக்கு இரு மாதங்களுக்கொருமுறை அளிக்கும் இலவச மின்சாரத்தை 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக உயர்த்தினர். மின்சாரம் பெருகிய வீட்டில் ஜாக்கிரதையும் பெருகவேண்டியது அவசியம்.

முற்காலத்தில் தேக்குச் சட்டத்தின்மேல் கம்பியை வைத்துக் கிளிப்பு அடிப்பது வழக்கம். பார்வைக்கு அழகில்லையாயினும், கம்பி செல்லும் வழி குழந்தைக்கும் தெரியும். இப்பொழுதோ எல்லாம் சுவர்ப் பூச்சுக்குள் மறைக்கப்படுகின்றன. சங்கரன்கோவில்வாசிகள் கோவிலில் புற்றுமண்ணைப் பிரசாதமாகப் பெறுகிறவர்கள். புற்றுக்குள் யாதிருக்கிறதென்று அறியாமல் அவர்களில் ஒருவரும் கையை விடார். ஆனால் நூற்கழி தொங்கவிடச் சுவரில் ஆணி அறையும்பொழுது மட்டும் அந்த விசாரணை இல்லை! ஆணி கம்பியில் பட்டால் உயிருக்கே அபாயம். அன்று தப்பினாலும், பழுதுபட்ட கம்பி உள்ளே சூடேறிப் பின்னொரு நாள் தீக்குக் காரணமாகலாம். பாவும் ஊடையும் நிறைந்த வீட்டில் தீ வெகு சீக்கிரம் பரவும்.

இதனைத் தடுக்கும் விதிகள் கடினமானவையல்ல.

முதலாவது: கம்பியை வெறுமனே பூச்சில் புதைக்கலாகாது, குழாய்க்குள் செலுத்தவேண்டும். பழுதான கம்பியைச் சுவரை இடிக்காமல் உருவி மாற்றுவதற்கும் குழாயே உதவும்.

இரண்டாவது: சுவரில் வெட்டும் காடி, சுவிட்சுப் பெட்டியினின்று செங்குத்தாகவோ மட்டமாகவோ செல்லவேண்டும், குறுக்குச் சாய்வாகச் செல்லலாகாது. குழாய்க்கு 60 சென்டிமீட்டருக்குள் ஒரு பிடிப்பு வேண்டும். வளைவின் ஆரம் 7.5 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது.

மூன்றாவது: பூச்சு உலர்ந்த பின்னரே கம்பியை இழுக்கவேண்டும். இணைப்புகள் பெட்டிக்குள் மட்டுமே இருக்கவேண்டும்.

நான்காவது: பிளாஸ்டிக் குழாய் ஆணியைத் தடுக்காது. ஆகையால் 30 மில்லியாம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவியும், பழுதற்ற எர்த்தும் இன்றியமையாதவை. இரும்புக் குழாயாயின் அதற்கும் எர்த்து வேண்டும்.

பிற தேசத்தாரும் இவ்வாறே எண்ணினர். இங்கிலாந்தில் சுவரின் முகப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் செல்லும் கம்பி, சுவிட்சினின்று நேர்கோட்டில் செல்லவேண்டும். அன்றேல் எர்த்து செய்த உலோகக் காப்புக்குள் செல்லவேண்டும். அமெரிக்காவின் மரச்சுவர்களில், கட்டையின் விளிம்பினின்று 32 மில்லிமீட்டருக்குள் கம்பி சென்றால் அவ்விடத்தில் எஃகுத் தகடு அடிக்கிறார்கள்.

பூச்சுக்கு முன் செய்யவேண்டிய காரியம் இன்னொன்றுண்டு. குழாய்கள் செல்லும் வழியைத் தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் அளந்து, ஒரு தாளில் வரைந்து, மீட்டர்ப் பெட்டியருகில் வைக்கவேண்டும். கைபேசியில் படமும் எடுத்துக்கொள்ளலாம். இதற்குச் செலவு யாதுமில்லை.

சான்றிதழ் பெற்ற கம்பியாளை அமர்த்தப் பணமில்லையென்று சிலர் தாமே வேலையை முடித்துக்கொள்கின்றனர். தனியொருவரால் இயலாதது பலர் சேர்ந்தால் இயலும். கூட்டுறவுச் சங்கத்து அங்கத்தினர் பத்துப்பேர் ஒன்றுகூடி, தரமுத்திரையுள்ள கம்பியும் குழாயும் மொத்தமாக வாங்கி, ஒரே கம்பியாளைக்கொண்டு வரிசையாக வேலை செய்வித்தால் செலவு குறையும். மறைந்திருக்கும் கம்பியின் வழியை வீட்டிலுள்ள யாவரும் அறிந்திருத்தலே மெய்யான பாதுகாப்பு.